ஆணி கேட்டாச்சா?

ஓவியக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, ரத்தப் பிரிவு, அதற்கும் கீழே ‘வட்டாரம்’ என்று ஒரு கட்டம். மற்றதையெல்லாம் மளமளவென்று எழுதியவள் அங்கே வந்ததும் பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கே உயரமான கட்டடம் முளைக்கிறதோ அங்கே கம்பெனி அவரை அனுப்பும். லிஃப்ட் மேலும் கீழும் போயிற்று, குடும்பம் பக்கவாட்டில் போயிற்று. அவளுக்குப் பதினேழு வயது ஆவதற்குள் ஒன்பது வாடகை வீடுகள், ஆறு ஊர்கள். அப்பாவும் அம்மாவும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் ‘சொந்த ஊர்’ என்று போய் நிற்க இரண்டு பக்கமும் வாசல் இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் எழுதி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். பையில் பிறப்புச் சான்றிதழின் நகல் இருந்தது. அதில் ஒரு துறைமுகத்தின் பெயர். ‘கடற்கரை’ என்று எழுதி நீட்டிவிட்டாள்.

அந்தக் கடற்கரையில் அவள் இருந்தது நான்கு மாதம். அதிலும் பாதி தூக்கத்தில்.

‘வட்டாரமும் கலையும்’ என்பது மூன்று வருடமும் தொடரும் பாடம். அதை நடத்திய பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மாணவர்கள் மேல் உண்மையான பாசம் உள்ளவர். ஒவ்வொருவரின் வட்டாரத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார். முதல் பருவத்தில் ‘உங்கள் மண்ணின் ஐந்து நிறங்கள்’. அவள் நூலகத்தில் உட்கார்ந்து நான்கு நீலங்களையும் ஒரு உப்பு வெள்ளையையும் கண்டுபிடித்தாள். மேடம் தாளை முகத்தருகே வைத்துப் பார்த்து, உன் படத்தில் உப்பு வாசனை வருகிறது என்றார். இதுவரை யாரும் அவளிடம் உன் வாசனை இது என்று சொன்னதில்லை. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்குக் கால் வலிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் வலை. அதற்கடுத்து படகு, துடுப்பு, நங்கூரம். எல்லாம் புத்தகத்திலிருந்து. வகுப்பில் அவளுக்குக் ‘கடல்’ என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டாம் வருட முடிவில் அவளுக்கே கனவில் அலை வந்தது. யாராவது மீன் வாடையைக் குறை சொன்னால் தன்னைச் சொன்னதுபோல முகம் சுருங்கியது. பொய்யைத் தொடங்கியது அவள்தான். ஆனால் அது எப்போது பொய்யாக இல்லாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது கடைசிப் பருவம். ஆண்டு இறுதிக் கண்காட்சியில் ஹாலின் முன்சுவர் ஒரே ஒரு மாணவருக்குத்தான் கிடைக்கும். “முன்சுவர் உனக்குத்தான், இந்த வருஷம் நீ வரைஞ்ச ஏழு நீலப் பலகையையும் அங்க மாட்டிடலாம்” என்று மேடம் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லாதவளுக்கு இருபத்தாறு அடிச் சுவர்.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வீட்டில் புழங்கும் இருபது வட்டாரச் சொற்களை அட்டையில் எழுதிப் படங்களோடு வைக்க வேண்டும். தேர்வு நாளன்று வீட்டிலிருந்து ஒருவர் வந்து அந்தச் சொற்களைப் பற்றிப் பேச வேண்டும்.

அன்று மதியம் கேன்டீனில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எதிரே களிமண். சிற்பப் பிரிவில் படிப்பவன் என்பதால் வந்த பெயர், அவன் மதிப்பெண்ணைப் பார்த்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவனுடைய வட்டாரம் ‘வறண்ட நிலம்’. மூன்று வருடமாக வெடித்த தரையையே செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுடைய அப்பா வைத்திருந்தது குடைக்கடை. மழை இல்லாவிட்டால் என்ன, வெயிலுக்குப் பிடிக்கிறார்கள் என்பான். ஒரு தடவை குடைக்கம்பிகளால் ஒன்று செய்து கொண்டுபோனான். இதில் உன் மண் எங்கே என்று கேட்டு மேடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவன் காலை நீட்டிக்கொள்ள அடுத்த மேஜையின் காலி நாற்காலியை இழுத்தான். அவள் யோசிக்காமல் கேட்டாள்.

“ஆணி கேட்டியா?”

“என்னது?”

“அவங்களைக் கேட்டியான்னேன்.”

“அதுக்கு எதுக்கு ஆணி? உங்க கடற்கரைல அப்படித்தான் சொல்லுவாங்களா?”

எல்லோரும் சொல்வதுதானே என்றாள் அவள். அவன் விடவில்லை. சுற்றியிருந்த ஐந்து மேஜைகளிலும் போய், ‘ஆணி கேட்டியா’ என்றால் என்ன அர்த்தம் என்று விசாரித்துவிட்டு வந்தான். மலைநாட்டுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரைக்காரனுக்குத் தெரியவில்லை. டீ ஊற்றுபவர், தச்சுப் பட்டறைல கேட்டுப் பாருப்பா என்று அனுப்பிவிட்டார். பேசத் தொடங்கியதிலிருந்து தினமும் சொல்லிவந்த ஒரு வார்த்தை தமிழில் இல்லவே இல்லை என்பது அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் பாதி சாமான் கட்டியாகிவிட்டது. அவள் படிப்புக்காக அப்பா கம்பெனியிடம் மன்றாடி இந்த ஊரிலேயே மூன்று வருடம் தங்கிய பத்தாவது வீடு அது. ஓனரின் மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாளாம், காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மா அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தையல் மிஷினில் உட்கார்ந்து, யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி ஆல்ட்டரேஷன்தான் அவளுடைய தொழில். எந்த ஊருக்குப் போனாலும் மனிதர்கள் குண்டாகிறார்கள், இளைக்கிறார்கள், எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்பாள்.

கடற்கரைச் சொற்கள் இருபது வேண்டும் என்று கேட்டதும் அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்த ஊரில் தெரிந்தது டாக்டர் வீடு மட்டும்தான் என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்து, நங்கூரம் என்று எழுதிக்கொள் என்றார். அது ஏற்கெனவே இருக்கிறது.

“சரி, ஆணி கேட்கிறதுன்னு சொல்றோமே, அது எங்கிருந்து வந்துச்சும்மா?”

அம்மா மிஷினை நிறுத்தினாள். அப்பா அவசரமாக ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டப் போனார். கதை அவரைப் பற்றியது.

அது இரண்டாவது வீட்டில் நடந்ததாம். கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துவந்த அப்பா, யாரையும் கேட்காமல் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். சுத்தியல் சத்தம் கேட்டு மேலிருந்து ஓனர் இறங்கி வந்தார். சுவரைக் காயப்படுத்திவிட்டீர்கள் என்று ஒரு கத்து கத்தினார். பதினைந்தே நாளில் வீடு காலி. அதற்கப்புறம் அப்பா எந்த வீட்டிலும் ஆணி அடித்ததில்லை. முதலில் அது கேலியாகத்தான் தொடங்கியது. அம்மா அவரிடம், “ஏங்க, கடைக்குப் போறீங்களே, ஆணி கேட்டாச்சா?” என்பாள். பிறகு எதற்குமே அதுதான் பேச்சு. சுற்றுலாவுக்கு ஆணி கேட்டியா, தோழி வீட்டில் தங்க ஆணி கேட்டியா. கேலி தேய்ந்துபோய் வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. கல்யாணப் படம் பழைய போர்வையில் சுற்றியபடியே எட்டு வீடு தாண்டி வந்திருக்கிறது.

“நாம எதையுமே மாட்டினதில்லையா?” என்று கேட்டாள்.

“மாட்டாம என்ன. முன்னாடி இருந்தவங்க அடிச்ச ஆணி இருக்குமே, அதுல மாட்டுவோம்” என்றாள் அம்மா.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாச் சுவர்களும் நினைவுக்கு வந்தன. நாலாவது வீட்டில் கண்ணாடி மாட்டும் ஆணி யாரோ நெட்டையான ஆள் அடித்தது. அம்மா இரண்டு வருடம் குதிகாலைத் தூக்கி நின்றுதான் தலை சீவினாள். ஆறாவது வீட்டில் இருந்தது ஒரே ஆணி, அதுவும் சமையலறையில். அதனால் அப்பாவின் சட்டைக்கு எப்போதும் தாளித்த வாசனை. ஏழாவது வீட்டில் காலண்டர் குளியலறைக் கதவுக்குப் பின்னால். தேதி தெரிய வேண்டுமானால் குளிக்கப் போக வேண்டும்.

மறுநாளே அவள் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். அம்மா கட்டியதை இவள் கவிழ்த்தாள், அட்டைகளை விரித்துத் தரையில் போட்டாள், ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை என்று சுவர்களை வரைந்தாள். ஒரு மணி நேரம் வரைவாள், எழுந்து மூன்று அறைகளையும் சுற்றுவாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். எதற்காக வரைகிறோம் என்று தெரியவில்லை. கண்காட்சிக்கு ஏழு நீலப் பலகைகள் தயாராக இருக்கின்றன. முன்சுவரும் தயாராக இருக்கிறது. சும்மா இருக்கலாம். இருக்க முடியவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்து நின்று பார்ப்பார். மூன்றாவது வீட்டின் ஆணி கதவுக்கு இடதுபுறம் என்று அவர் சொல்ல, வலதுபுறம் என்று அம்மா சாதிக்க, அரை மணி நேரம் போகும். கடைசியில் அப்பா டேப்பை எடுத்து வந்து இல்லாத சுவரை அளந்து காட்டினார். அம்மா தோற்கவில்லை. அந்த ஆணியில் மாட்டியிருந்த என் பை உங்கள் தலையில் எத்தனை தடவை விழுந்தது, எந்தப் பக்கம் வீங்கியது என்று கேட்டாள். அப்பா வலது காதுக்கு மேலே தடவிப் பார்த்துவிட்டு அடங்கினார்.

அட்டைகளை வைக்க இடமில்லாமல் களிமண்ணின் பட்டறையில் கொண்டுபோய்ச் சாத்தினாள். அவன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். ஐந்தாவது வீட்டின் ஈரம் ஊறிய மூலையைக் காட்டி, “இது அலை மாதிரியே இருக்கே” என்றான். அவளும் பார்த்தாள். உண்மைதான். சுண்ணாம்பு உப்பிய இடத்தில் கை தானாகவே அந்த நீலத்தை இழுத்திருந்தது, அதே தூரிகை வீச்சு. மூன்று வருடம் பழகிய கை.

“எதை வைக்கப் போற?” என்று கேட்டான்.

“கடலைத்தான். மேடம் அவ்வளவு நம்பிட்டாங்க. முன்சுவர்டா. விட முடியுமா?”

“உன் இஷ்டம்” என்றான். “நான் மறுபடி வெடிச்ச தரைதான் வைக்கிறேன். எங்க அப்பா வந்து குடையைப் பத்தி என்ன பேசப் போறாரோ.”

தேர்வு நாளன்று அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். அம்மாவுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஏலேலோ வேண்டாம்மா, கேட்டால் மட்டும் பேசு, கடல் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்று சொல். முன்சுவரில் ஏழு நீலப் பலகைகளும் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. உதவியாளர் முந்தின நாளே மாட்டிவிட்டிருந்தார். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் பெருமை இல்லை, பதற்றம். படங்களை அவள் பார்க்கவே இல்லை.

“இத்தனை ஆணியா? யாரைக் கேட்டுடி அடிச்சே?”

கல்லூரிச் சுவர்தான், அவர்களே அடித்ததுதான் என்று சொன்னாள். அப்படியும் அம்மா சுவரருகே போய், ஓர் ஆணியைச் சுற்றி உதிர்ந்திருந்த சுண்ணாம்பை விரலால் தடவி, பொடியைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டாள். யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பதுபோல.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் பலகையைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மடியில் குழந்தையை வாங்குவதுபோல ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். களிமண்ணுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் அவன் அட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டான். பத்தையும் வரிசையாகத் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தார்கள். மேலே ஏழு ஆணிகள் காலியாக நின்றன.

மேடம் உள்ளே வந்தார். பின்னால் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வழுக்கைத் தலையும் கையில் ஃபைலுமாக. மேடம் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கொண்டையிலிருந்த பென்சிலை உருவினார். தேர்வாளர் முன்னால் சத்தம் போட அவருக்கு மனமில்லை. இருபது சொல் அட்டைகளுக்குப் பதில் அவள் அப்போதுதான் எழுதிய ஒரே ஒரு சொல் அட்டைதான் இருந்தது. அதைக் கையில் எடுத்து, அம்மாவைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்.

“ஆணி கேட்டல். இதுக்கு என்ன அர்த்தம்மா?”

“எது செய்யணும்னாலும் கேட்டுட்டுச் செய்யணும்ங்கிறதுங்க” என்றாள் அம்மா. “ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரரைக் கேட்காம அடிக்க முடியாதில்லைங்களா?”

மேடத்தின் முகம் இறுகியது. “இந்தக் காலத்துலயும் உங்க வீட்டுக்காரர் அப்படியா இருக்கார்?”

“ஐயோ, ரொம்ப நல்லவருங்க. பொண்ணு திரும்பி வர்றாளேன்னுதான் எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டார்.”

“வீட்டை விட்டா? உங்களையா?”

“இவ அப்பாவையும் சேர்த்துதாங்க.”

மேடத்தின் பென்சில் அந்தரத்தில் நின்றது. தேர்வாளர் ஃபைலால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். “மேடம், அவங்க சொல்றது ஹவுஸ் ஓனரை” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் அவள் பக்கம் திரும்பினார். இப்போது குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“அப்போ கடல்?”

“நான் பொறந்து நாலு மாசம் அங்க இருந்தோம் மேடம். படிவத்துல கட்டம் காலியா இருந்துச்சு, எழுதிட்டேன். நீங்க கடலைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நானும் குடுத்துக்கிட்டே இருந்தேன்.”

“மூணு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கே.”

“உங்களை மட்டும் இல்ல மேடம். எனக்கே கனவுல அலை வருது.”

தேர்வாளர் இதற்குள் முட்டி போட்டு நாலாவது அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆணி எதற்கு என்று கேட்டார். கண்ணாடிக்கு என்றாள் அம்மா, குதிகாலைத் தூக்கி நின்றும் காட்டினாள். அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் மனைவி திட்டுவது ஓனரையா என்னையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்றார்.

மதிப்பெண் படிவத்திலும் அதே கட்டம் இருந்தது. வட்டாரம். மேடம் பென்சிலை அதன்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இதில் என்ன எழுதுவது என்று அவளைக் கேட்கவும் இல்லை. அப்படியே காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தேர்ச்சி கிடைத்தது. முன்சுவர் கிடைக்கவில்லை. அது மலைநாட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. பத்து அட்டைகளும் கண்காட்சி முடியும்வரை மாடிப்படிக்குக் கீழே தரையில் சாய்ந்து நின்றன. வந்தவர்களில் பலர் கவனிக்காமல் ஏறிப் போனார்கள். சிலர் குனிந்தார்கள். குனிந்தவர்கள் சட்டென்று நிமிரவில்லை. அவள் படியின் திருப்பத்தில் நின்று எண்ணுவாள், பிறகு எண்ணுவது அலுத்துப்போய்த் தெருவுக்கு இறங்கி நடப்பாள். முன்சுவரை ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் வலிக்கும் என்று தெரியும்.

அடுத்த வாரம் பதினோராவது வீட்டுக்கு மாறினார்கள். சாமான் தூக்கக் களிமண்ணும் வந்தான். வறண்ட நிலம் அவனுக்கு சுமாரான மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருந்தது. அவனுடைய அப்பா தேர்வாளருக்கு ஒரு குடை விற்றுவிட்டுப் போயிருந்தார்.

சாமான்கள் இறங்கியதும் அப்பா கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆணிகூட இல்லை, வழுவழுவென்று இருந்தது. யாரும் எதிர்பாராமல் போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சார், ஒரு விஷயம் கேட்கணும் என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, சரிங்க சார், ஒண்ணே ஒண்ணுதான் சார் என்று வைத்துவிட்டுத் திரும்பியவரின் காது சிவந்திருந்தது.

ஒரே ஓர் ஆணி. எதை மாட்டுவது என்பதில் தகராறு வந்தது. அப்பா போர்வையைப் பிரித்துக் கல்யாணப் படத்தை எடுத்து வைத்தார். அம்மா அதை மறுபடி சுற்றினாள், அதில் என் கண் பாதி மூடியிருக்கிறது என்றாள். அவளுக்கு நீலப் பலகைகளில் ஒன்று வேண்டுமாம்.

“உனக்குக் கடல்னாலே பிடிக்காதேம்மா.”

“பிடிக்காதுதான். மாசமா இருந்து உன்னைப் பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் வாந்தியா எடுத்தேன். ஆனா நீ பொறந்த இடம்டி அது. இருக்கட்டும்.”

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு கூடத்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். அம்மாவின் உயரத்துக்கு இறக்கினாள், அப்பாவுக்காகக் கொஞ்சம் ஏற்றினாள். நடைவழி, படுக்கையறை, மறுபடி கூடம். அடித்துவிட்டால் அதுதான் இடம். இதுவரை அப்படி எதையும் முடிவு செய்து பழக்கமில்லை. பின்னாலேயே களிமண் சுத்தியலோடு நடந்தான், அறை அறையாக.

“சீக்கிரம் சொல்லு, கை வலிக்குது” என்றான்.

“உன்னை யாரு தூக்கிட்டே வரச் சொன்னா? கீழ வெச்சுட்டு உட்காரு.”

“உட்கார்ந்தா நீ இன்னும் ரெண்டு அறை கட்டிடுவே.”

அம்மா பாத்திரப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அவளுடைய முகத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டதையும், அவள் விலகாததையும் பார்த்தாள். கையிலிருந்த மூடியைத் துடைத்தபடி, மகளிடம் மட்டும் கேட்பதுபோல் கேட்டாள்.

“இதுக்கு ஆணி கேட்டாச்சா?”

களிமண் இப்போது அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவன். சுத்தியலைத் தரையில் வைத்தான், அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். அவள் பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“இல்லம்மா” என்றாள். “இப்பதான் கேட்கப் போறான்.”